சவலைப் பிள்ளையின் மூளை

கைப்பிள்ளை பால்குடி மறக்கும் முன்பே தாய் மறுபடியும் கருவுற்றுவிட்டால், மடியில் இருக்கும் பிள்ளை ‘சவலை பாய்ந்துவிட்டது’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கை கால் சூம்பியிருக்கும். வயிறு மட்டும் முன்னே தள்ளியிருக்கும். முடி செம்பட்டையாகிவிடும். எதைக் கொடுத்தாலும் வாங்காமல் பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருக்கும். தாய்ப்பால் குறைந்ததால் வந்த மெலிவு என்றுதான் அகராதி இதற்குப் பொருள் சொல்கிறது. வீட்டில் புழங்கும்போது அந்தச் சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலான பொருள் உண்டு. மடி பறிபோனது, இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்ள ஆளில்லாமல் போனது, பிள்ளை ஏங்கிப்போனது என்று எல்லாமே அதற்குள் அடங்கும்.

இன்றைய கானா, கோல்ட் கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்தில் அங்கே பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். வீங்கிய கால்களும் உரியும் தோலுமாக வந்த குழந்தைகளின் நோய்க்கு, உள்ளூரில் கா மொழி பேசும் மக்கள் வைத்திருந்த பெயரையே அவர் 1935இல் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். குவாஷியார்க்கர் என்பது அந்தப் பெயர். அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். புரதக் குறைவு என்று மருத்துவம் பிறகு வகைப்படுத்திய ஒன்றை, இடம் இழந்த பிள்ளையின் நோய் என்று ஆப்பிரிக்கத் தாய்மார்களும் நம் தாய்மார்களும் ஒருவரையொருவர் அறியாமலேயே பெயரிட்டிருக்கிறார்கள்.

பசித்த குழந்தையின் மூளையை ஊட்டச்சத்து நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். பார்க்கவும் கேட்கவும் தொடவும் எதுவும் கிடைக்காத குழந்தையின் மூளையை உளவியலாளர்களும் நரம்பியலாளர்களும் ஆராய்ந்தார்கள். நெடுங்காலம் இவை இரண்டு தனித்தனித் துறைகளாகவே இருந்தன. குழந்தைக்கு இருப்பது ஒரே மூளை. இரண்டு குறைகளும் பெரும்பாலும் ஒரே வீட்டில், ஒரே மாதங்களில், ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு நடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்த சில ஆய்வுகளைத்தான் நாம் மிகவும் கவனித்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் ஊட்டச்சத்துத் திட்டங்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்திக்கொண்டவையும் அவைதான்.

பிறந்த சில வாரங்களில் குழந்தையின் மூளை, வளர்ந்த மனிதரின் மூளையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவில்தான் இருக்கிறது. இரண்டு வயது முடியும்போது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. குழந்தை சும்மா படுத்திருக்கும்போதுகூட அதன் உடல் செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. இவ்வளவு ஆற்றலும் எதற்காக? நரம்பணுக்களில் பெரும்பாலானவை கருவிலேயே உருவாகிவிடுகின்றன. பிறந்தபின் நடப்பது அவற்றுக்கிடையே இணைப்புகள் உண்டாக்கும் வேலை. தேவைக்கு மிகவும் அதிகமாகவே இணைப்புகள் உண்டாகின்றன. பார்வைக்கான பகுதியில் முதல் ஆண்டுக்குள்ளேயே அவை உச்சத்தைத் தொடுகின்றன. பிறகு, நெருங்க விதைத்த பாத்தியில் பயிர் கலைப்பதைப்போல, மூளை தன் இணைப்புகளைக் கலைக்கத் தொடங்குகிறது. அடிக்கடி பயன்படுபவை தடித்து நிலைக்கின்றன. பயன்படாதவை உதிர்கின்றன. நிலைத்தவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படர்ந்து, செய்தி வேகமாக ஓட வழி செய்கிறது.

இந்த வேலைக்கு இரும்பு, அயோடின், துத்தநாகம், கொழுப்பு, புரதம் எல்லாம் வேண்டும். அவை உணவிலிருந்து வருகின்றன. எந்த இணைப்பை வைத்துக்கொள்வது, எதைக் கலைப்பது என்ற முடிவோ கண், காது, தோல் வழியே வரும் செய்திகளைப் பொறுத்தது. ஒளி, குரல், கை. இவையும் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

வெளியிலிருந்து ஒன்றும் வராவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பூனைக்குட்டிகளின் வழியே காட்டியவர்கள் ஹார்வர்டில் பணியாற்றிய டேவிட் ஹியூபலும் டோர்ஸ்டன் வீசலும். 1960களின் தொடக்கத்தில் அவர்கள் பிறந்து சில நாட்களே ஆன குட்டியின் ஒரு கண் இமையைத் தைத்து மூடினார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பிரித்தபோது விழித்திரை நன்றாகவே இருந்தது, லென்ஸும் தெளிவாக இருந்தது. ஆனாலும் அந்தக் கண் பார்க்கவில்லை. மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்கு மறுமொழி தரும் அணுக்கள் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தன. திறந்திருந்த கண் அந்த இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அதைவிட நீண்ட காலம் மூடி வைத்தபோது இப்படி எதுவும் நடக்கவில்லை. மூளை கற்றுக்கொள்ளும் காலத்தில் சில கதவுகள் திறந்திருக்கின்றன, பிறகு அவை மெல்லச் சாத்திக்கொள்கின்றன என்ற புரிதல் இதிலிருந்துதான் உறுதிப்பட்டது. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்ற செய்தியாக இருந்திருந்தால் இவ்வளவு விரித்திருக்க மாட்டேன். ஒரு கண்ணில் மட்டும் பிறவிக் கண்புரை இருக்கும் குழந்தைக்குப் பிறந்த ஆறு வாரத்தை ஒட்டி அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று கண் மருத்துவர்கள் அவசரப்படுவது இதனால்தான். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் மூளை விலகிய கண்ணின் செய்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கத் தொடங்கியிருக்கும். பார்வை போன பிறகு அதிர்ஷ்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காதுக்கும் இதே கதைதான். பிறவியிலேயே செவித்திறன் இல்லாத குழந்தைக்கு மூன்றரை வயதுக்குள், ஒலியைச் செவி நரம்புக்கு நேரே அனுப்பும் காக்ளியர் கருவியைப் பொருத்தினால் ஒலிக்கு மூளை காட்டும் எதிர்வினை இயல்பான பிள்ளைகளுடையதைப் போலவே அமைகிறது, ஏழு வயதுக்குப் பிறகு பொருத்தினால் பெரும்பாலும் அப்படி அமைவதில்லை என்று அனு சர்மா என்ற ஆய்வாளர் காட்டினார்.

பூனைக்குட்டிக்கு மூடப்பட்டது ஒரு கண். ருமேனியாவில் பல்லாயிரம் குழந்தைகளுக்கு உலகமே மூடப்பட்டது.

1966இல் நிக்கோலாய் சௌசெஸ்குவின் அரசு, நாட்டின் மக்கள் தொகையைப் பெருக்கக் கருக்கலைப்பைத் தடை செய்தது. பிள்ளையில்லாதவர்களுக்குத் தனி வரியும் விதித்தது. பெற்றவர்களால் வளர்க்க முடியாத பிள்ளைகளை அரசு விடுதிகள் எடுத்துக்கொள்ளும் என்றது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது அப்படிப்பட்ட விடுதிகளில் ஒன்றே முக்கால் லட்சம் அளவுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் மிகப் பலருக்குத் தாய் தந்தை உயிரோடு இருந்தார்கள். உள்ளே போனவர்கள் முதலில் கவனித்தது அமைதியை. அறை நிறையக் கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு கைக்குழந்தை, ஆனால் அழுகைச் சத்தம் இல்லை. அழுதால் யாரும் வருவதில்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள் அழுவதை விட்டுவிட்டிருந்தன. பத்துப் பதினைந்து குழந்தைகளுக்கு ஒரு பணிப்பெண். மணி அடித்தால் பால் புட்டி, மணி அடித்தால் துணி மாற்றம். புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போயாக வேண்டும். பால் குடிக்கும் நேரத்தில்கூட எதிரே ஒரு முகம் இல்லை. வெள்ளைக் கூரையை மட்டும் பார்த்துக்கொண்டு, தன் கையையே முகத்துக்கு முன் ஆட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு மாதங்கள் கழிந்தன.

இந்தப் பிள்ளைகளில் பலர் மெலிந்தும் இருந்தார்கள். அப்படியானால் மூளை பாதிக்கப்பட்டது பசியாலா, தனிமையாலா? இங்கிலாந்துக்குத் தத்து போன ருமேனியப் பிள்ளைகள் 165 பேரை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஆறு மாதத்துக்குள் விடுதியை விட்டு வெளியேறியவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்குக் கவனக் குறைவும் உறவாடுவதில் சிக்கல்களும் நிலைத்தன. 2020இல் வெளியான ஆய்வில், இருபதுகளில் இருந்த 67 பேரின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். இங்கிலாந்திலேயே பிறந்து தத்து போனவர்களோடு ஒப்பிட்டால் இவர்களின் மூளை சராசரியாக 8.6 சதவீதம் சிறியது. விடுதியில் கழிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஏறத்தாழ மூன்று கன சென்டிமீட்டர் குறைந்திருந்தது. இருபது ஆண்டுகள் அன்பான வீட்டில், நல்ல சாப்பாட்டோடு வளர்ந்த பிறகும் இந்தக் கணக்கு அழியவில்லை. விடுதியில் இருந்தபோது யார் எவ்வளவு மெலிந்திருந்தார்கள் என்பதைத் தனியே கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வித்தியாசம் அப்படியே நின்றது. எடை சரியாக இருந்த பிள்ளைகளையும் அந்த வெள்ளைக் கூரை விட்டுவைக்கவில்லை.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டிலேயே நடந்த இன்னோர் ஆய்வு இதைவிடக் கறாரானது. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா ஆகிய மூவரும் விடுதிகளில் இருந்த, ஆறு மாதம் முதல் 31 மாதம் வரையிலான 136 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் விடுதியின் பராமரிப்பில் தொடர்ந்தார்கள். படிக்கும் யாருக்கும் மனம் கூசும் ஏற்பாடு இது. அந்த நகரத்தில் அப்போது வளர்ப்புக் குடும்பம் என்ற அமைப்பே அநேகமாக இல்லை, ஆய்வாளர்களே அதை உருவாக்க வேண்டியிருந்தது என்பதையும், விடுதியில் இருந்த பிள்ளைக்கு வேறு வீடு கிடைத்தால் ஆய்வுக்காக யாரும் தடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான்கரை வயதில் நுண்ணறிவுச் சோதனையில் விடுதிப் பிள்ளைகளின் சராசரி 73. வளர்ப்புக் குடும்பப் பிள்ளைகளுக்கு 81. ஒருநாளும் விடுதியைப் பார்க்காத, அதே ஊர்ப் பிள்ளைகளுக்கு 109. இரண்டு வயதுக்குள் வீடு கிடைத்த பிள்ளைகளின் மூளை மின்னலைகள், எட்டு வயதில் மற்றப் பிள்ளைகளுடையவற்றிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருந்தன. மூளையின் வெண்பொருள், அதாவது பகுதிகளை இணைக்கும் மயலின் பூசிய இழைகளின் கட்டு, வளர்ப்புக் குடும்பப் பிள்ளைகளிடம் தேறியிருந்தது. நரம்பணுக்கள் செறிந்த சாம்பல்நிறப் பொருள் தேறவில்லை. மூன்று வயதுக்குள் நடந்த ஒரு வீட்டு மாற்றம் மூளையின் எந்த அடுக்கை மீட்டது, எதை மீட்கவில்லை என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு ஆய்வை நான் படித்ததில்லை.

இனி வயிற்றின் பக்கம் வருவோம்.

பசி மூளையை என்ன செய்கிறது என்ற கேள்வியை இந்தியாவில் முதலில் எழுப்பியவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கிப் பிறகு ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். அவரும் சக ஆய்வாளர்களும் 1968இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒன்றரை முதல் மூன்று வயதுக்குள் குவாஷியார்க்கர் வந்து பிழைத்த 19 பிள்ளைகளை எட்டு முதல் பதினோரு வயதில் தேடிப்பிடித்துச் சோதித்தது. அதே வகைக் குடும்பங்களைச் சேர்ந்த, நோய் வராத 50 பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். பிழைத்த பிள்ளைகள் பார்த்து அறியும் திறனிலும், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மனதில் வைத்து யோசிக்கும் திறனிலும் பின்தங்கியிருந்தார்கள். உடல் எடை எப்போதோ தேறியிருந்தது.

இரும்புச் சத்தின் கதை இன்னும் கவலை தருகிறது. இரும்பு இரத்தத்துக்கு மட்டும் உரியதன்று. மயலின் உறை உருவாகவும், டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கவும், நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் வளரவும் அது வேண்டும். கோஸ்டாரிகாவில் கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான இரும்புக் குறைவு இருந்த பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்துச் சரிசெய்துவிட்டு, பெட்சி லோசாஃபின் குழு அவர்களைப் பத்தொன்பது வயதுவரை பின்தொடர்ந்தது. நடுத்தரக் குடும்பங்களில் அந்தப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே சோதனை மதிப்பெண்ணில் இருந்த எட்டு ஒன்பது புள்ளி இடைவெளி அப்படியே நின்றது. ஏழைக் குடும்பங்களில் பத்துப் புள்ளியாக இருந்த இடைவெளி இருபத்தைந்தாக விரிந்துவிட்டது. குறை ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். சுற்றியிருந்த வீடுதான் வேறு. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும்போது எனக்கு இந்த இடைவெளிதான் நினைவுக்கு வருகிறது. ஊட்டச்சத்தில் முன்னோடி என்று பெயரெடுத்த நம் மாநிலத்தின் கணக்கு அது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் இங்கே நான்கில் ஒருவர், நாட்டில் மூன்றில் ஒருவருக்கும் மேல்.

பசி எப்படித் தனிமையாக மாறுகிறது என்பதை எனக்குப் புரியவைத்தது மெக்சிகோவின் தெசொன்தெயொபான் என்ற சிறு கிராமம். 1960களின் இறுதியில் அங்கே அதோல்ஃபோ சாவெஸும் செலியா மார்த்தினெசும் தாய்மாரின் இரண்டு குழுக்களைப் பார்த்துவந்தார்கள். ஒரு குழுவுக்குக் கர்ப்பம் முதலே கூடுதல் உணவு கொடுத்தார்கள், பிறந்த குழந்தைக்கும் கொடுத்தார்கள். மற்றக் குழுவினர் ஊர் வழக்கப்படி உண்டார்கள். எடையைப் பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. குழந்தை எவ்வளவு நேரம் தூங்குகிறது, எவ்வளவு நேரம் தாயின் முதுகில் கட்டிக்கிடக்கிறது, எத்தனை முறை அதன் பாதம் தரையில் படுகிறது என்பதைக்கூட உட்கார்ந்து எண்ணினார்கள். கூடுதலாக உண்ட குழந்தை பல மடங்கு நடந்தது, எட்டிப் பார்த்தது, கையில் கிடைத்ததை இழுத்துப் போட்டது, அழுது அடம்பிடித்தது. வீட்டின் ஒழுங்கே மாறிப்போனது. துறுதுறுவென்று திரியும் பிள்ளையைச் சும்மா விட முடியாது என்பதால் தாய் அதனோடு பேச வேண்டியிருந்தது. பிள்ளைகளைக் கண்டுகொள்ளாத தகப்பன்மார்களும் தூக்கிவைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

பசித்த பிள்ளை என்ன செய்தது? சாதுவாகப் படுத்திருந்தது. சமர்த்துப் பிள்ளை, தொந்தரவே இல்லை என்று நாமும் நம் வீடுகளில் பாராட்டுவோம். உள்ளே ஆற்றல் போதாதபோது உடல் முதலில் விளையாட்டைக் குறைத்துக்கொள்கிறது. விளையாடாத பிள்ளை எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை, யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாத பிள்ளையோடு யாரும் அதிகம் பேசுவதில்லை. ருமேனிய விடுதியில் பணிப்பெண் வராததால் வந்த அமைதி, பசித்த வீட்டில் எல்லோரும் அருகிலேயே இருக்கும்போதும் வந்துவிடுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேவிட் லெவிட்ஸ்கியும் ரிச்சர்ட் பார்ன்ஸும் எலிகளிடம் 1972இல் கண்டதும் இதுதான். குட்டிப் பருவத்தில் பட்டினி கிடந்த எலிகளைத் தனியாக வைத்தபோது நடத்தைக் கோளாறு கூடியது. தொட்டுத் தூக்கி, மற்ற எலிகளோடு விளையாட விட்டபோது பெருமளவு குறைந்தது.

எதிர்த்திசையிலும் இந்தப் பிணைப்பு வேலை செய்கிறது. அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டின் குழு 1986இல் குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு ஒருநாளைக்கு மூன்று முறை, பதினைந்து நிமிடம் வீதம், பத்து நாட்கள் உடலை நீவிவிட்டது. மற்றக் குழந்தைகளுக்குக் கிடைத்த அதே அளவு பால்தான் இவர்களுக்கும். ஆனாலும் நாள்தோறும் ஏறிய எடை 47 சதவீதம் அதிகம். வீட்டுப் பெரியவர் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, குழந்தையை முழங்கால்களுக்கு மேல் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றி முதுகையும் கைகால்களையும் நீவி, ‘எங்கே, காலை நீட்டு பார்ப்போம்’ என்று பேசிக்கொண்டே குளிப்பாட்டுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த ஆய்வு வியப்பைத் தராது. வெதுவெதுப்பு, அழுத்தம், குரல், மிக அருகில் ஒரு முகம், பிறகு சாம்பிராணி வாசம், பிறகு பால், தூக்கம். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாப் புலன்களுக்கும் வேலை வந்துவிடுகிறது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் கட்டாயம் நிறுத்த வேண்டும். மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இப்போது ஜமைக்கா. மற்ற எல்லாவற்றையும் நான் சொன்னது இந்த இடத்துக்கு வந்து சேரத்தான்.

1986–87இல் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், ஒன்பது முதல் 24 மாத வயதில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 பிள்ளைகளைச் சாலி கிரந்தம்-மெக்ரிகரும் கிறிஸ்டின் பவலும் மற்ற ஆய்வாளர்களும் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால் மாவு. ஒரு குழுவுக்கு வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேர விளையாட்டு. ஒரு குழுவுக்கு இரண்டும். கடைசிக் குழுவுக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது.

அந்த ஒரு மணி நேரத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தவர் உளவியலாளர் அல்லர். அந்தப் பகுதிச் சுகாதார ஊழியர், சில வாரப் பயிற்சி பெற்றவர். அவர் கொண்டுவந்த பையில் கடையில் வாங்கிய பொம்மை எதுவும் இல்லை. காலிப் பிளாஸ்டிக் புட்டிகள், மூடிகள், மரத்துண்டுகள், அட்டையில் ஒட்டிய படங்கள், துணிப் பொம்மை. குழந்தையோடு அவர் விளையாடினார், பிறகு அம்மாவை விளையாடச் சொன்னார். ‘இது சிவப்பு, இது பெரிசு, உள்ளே போடு, வெளியே எடு’ என்று சொல்லிக்கொண்டே விளையாட வேண்டும். பிள்ளை ஏதாவது செய்தால் அதைப் பாராட்ட வேண்டும். அம்மா நன்றாகச் செய்தால் அம்மாவையும் பாராட்டுவார். போகும்போது பொம்மைகளை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வந்து வேறு பொம்மைகளை வைத்துவிட்டுப் போவார். இடைப்பட்ட ஆறு நாட்களும் அம்மாவின் கையில் இருந்தன.

இரண்டு ஆண்டு முடிவில் பால் மாவும் பலன் தந்தது, விளையாட்டும் பலன் தந்தது. இரண்டும் கிடைத்த பிள்ளைகள்தான் உயரம் குன்றாத பிள்ளைகளை அநேகமாக எட்டிப் பிடித்தார்கள். பள்ளிப் பருவத்தில் பால் மாவின் பலன் மங்கிவிட்டது. விளையாட்டின் பலன் நின்றது. இருபத்திரண்டு வயதில், விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களுடையதைவிட 25 சதவீதம் அதிகம். அவர்கள் வன்முறைச் சண்டைகளில் இறங்கியதும் குறைவு. முப்பத்தொரு வயதில் மணிக் கூலியில் வித்தியாசம் 43 சதவீதம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், கையில் காலிப் புட்டி, இரண்டே ஆண்டு.

இதைப் படித்துவிட்டுச் சோறு முக்கியமில்லை என்று யாராவது முடிவுகட்டினால் அது பெரும் தவறு. குவாத்தமாலாவின் நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை நடந்த ஆய்வில், மூன்று வயதுக்குள் புரதம் சேர்ந்த கஞ்சி குடித்த ஆண் பிள்ளைகள் பெரியவர்களானபோது, இனிப்புப் பானம் மட்டும் குடித்தவர்களைவிட 46 சதவீதம் அதிக மணிக் கூலி பெற்றார்கள். ஜமைக்காவில் உணவு ஒன்பது மாதத்துக்குப் பிறகு, ஏற்கெனவே குன்றிப்போன பிள்ளைகளுக்குத்தான் போனது. வீட்டில் மற்றப் பிள்ளைகளும் அந்தப் பாலைப் பகிர்ந்து குடித்திருப்பார்கள். எந்தத் தாய்தான் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊற்றுவாள்? வயிறு நிறைந்த பிள்ளைதான் புட்டியை எட்டிப் பிடிக்கும். எட்டிப் பிடிக்கும் பிள்ளையிடம்தான் ‘உள்ளே போடு’ என்று சொல்ல முடியும்.

கடந்துபோன காலத்தை நினைத்துப் பெற்றோர்கள் இடிந்துபோகவும் வேண்டாம். மூன்று வயதுக்குள் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்து போன கொரியச் சிறுமிகளை மைரன் வினிக்கின் குழு ஆராய்ந்து 1975இல் வெளியிட்டது. தத்து போகும்போது கடுமையாக மெலிந்திருந்தவர்களும் பள்ளி வயதில் நுண்ணறிவுச் சோதனையில் சராசரியாக 102 எடுத்தார்கள். நன்றாக உண்டு வளர்ந்திருந்தவர்கள் 112. பத்துப் புள்ளி இடைவெளி இருக்கிறது, ஆனாலும் 102 என்பது ஒரு முழுமையான, இயல்பான வாழ்க்கைக்கான எண். பவன் சின்ஹா இந்தியாவில் தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், பிறவிப் பார்வையின்மை நீங்கிய எட்டு முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேர், கையால் தொட்டறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண முதலில் தடுமாறினார்கள். சில நாட்களில் கற்றுக்கொண்டார்கள். கூர்மையான பார்வை அவர்களுக்கு முழுதாகத் திரும்பவில்லை. பார்க்கக் கற்றுக்கொள்ளும் திறன் மட்டும் அத்தனை ஆண்டு இருட்டிலும் அணையாமல் காத்திருந்திருக்கிறது.

கடும் ஊட்டச்சத்துக் குறைவோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த சிகிச்சை முறையில் பத்துப் படிகள் உண்டு. சர்க்கரை அளவு, உடல் சூடு, நீரிழப்பு, தொற்று, உணவு என்று போகும் அந்த வரிசையில் ஒன்பதாவது படி, குழந்தையின் புலன்களைத் தூண்டுவதும் அன்பு காட்டுவதும். நாள்தோறும் 15 முதல் 30 நிமிடம் விளையாட்டு என்று அதற்குக் கால அளவுகூட எழுதியிருக்கிறது. மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய ஒன்று அது. சொட்டு மருந்துக்குத் தரும் மரியாதை அதற்கும் வேண்டும்.

நம் அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளை நினைத்துப் பாருங்கள். தொங்கும் தராசில் பிள்ளை காலை உதைத்து அழுகிறது. ‘எடை ஏறியிருக்கிறதா டீச்சர்?’ என்று அம்மா கேட்கிறாள். ஊழியர் முள்ளைப் பார்த்துவிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு போட்ட அட்டையில் ஒரு புள்ளி வைக்கிறார். சத்துமாவுப் பொட்டலத்துக்குக் கையெழுத்து வாங்குகிறார். அடுத்த பிள்ளை. இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் பாட்டும் கதையும் கிடைக்கும், அது நாள் முழுக்க மையத்தில் இருக்கிறது. மூளை மிக வேகமாக வளரும் முதல் இரண்டு ஆண்டுகளில் பிள்ளை மையத்துக்கு வருவது தராசுக்கும் பொட்டலத்துக்கும் தடுப்பூசிக்கும்தான். அதன் கண்ணைப் பார்த்துப் பேசினார்களா, அது திரும்பிக் குரல் கொடுத்ததா என்பதற்கு அந்த அட்டையில் கட்டம் இல்லை. பிறப்பு முதல் மூன்று வயதுவரையிலான பிள்ளைகளின் தூண்டலுக்கென்று ‘நவசேத்னா’ என்ற வழிகாட்டியை மத்திய அரசு 2024இல் வெளியிட்டிருக்கிறது. ஏற்கெனவே பதிவேடுகளால் நசுங்கிக் கிடக்கும் ஊழியர்களுக்கு அதை நடத்த நேரமும் துணைக்கு ஓர் ஆளும் கிடைக்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒடிசாவில் இதற்கான ஒரு வழியைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஜமைக்காவின் விளையாட்டு முறையை உள்ளூர் மொழிக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றி, 192 கிராமங்களை எடுத்துக்கொண்டு சோதித்தார்கள். சில கிராமங்களில் ஊழியர் வீடு வீடாகப் போனார். சிலவற்றில் அம்மாக்கள் பிள்ளைகளோடு ஓரிடத்தில் கூடினார்கள். இரண்டு முறையிலும் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி ஏறக்குறைய ஒரே அளவுக்கு மேம்பட்டது. கூட்டமாகச் செய்ததற்குச் செலவு வீட்டுக்குப் போனதைவிட மிகக் குறைவு. சத்துமாவு வாங்க நம் அம்மாக்கள் எப்படியும் மையத்துக்கு வருகிறார்கள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன் பாயை விரித்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஒரு கூடை நிறையப் புட்டிகளையும் மூடிகளையும் நடுவில் கொட்டி, ஒரு மணி நேரம் உட்காரலாம்.